கத்தியில் ஒட்டிய பிரௌனி

மாட்டுங்கா,
11 ஜூன் 2024

செம்பூர் மண்டலத்தின் சாக்லேட் சக்கரவர்த்தினியும் என் ஒரே தங்கையுமான ஷ்யாமளாவுக்கு, அண்ணன் பத்ரிநாராயணன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் மன்னியும் சௌக்கியம். உன் மன்னி என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம், ஏனென்றால் அவளுடைய போனை நீ எடுக்கிறாய்.

என் போனை நீ எடுத்து ஒரு வாரம் ஆகிறது. நூற்று எழுபத்து நான்கு தடவை அடித்தேன். அடித்து அடித்து என் போனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இந்த ஒரு வாரத்தில் மழை வந்து, கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்று, வடிந்து, மறுபடியும் நின்றாகிவிட்டது. வேறு வழியில்லாமல் தபாலாபீஸுக்குப் போய்க் கவர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் மியூசியத்திலிருந்து தப்பி வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

உன் பிள்ளை ஷ்ரவணிடம் காரணம் விசாரித்தேன். பிரௌனி விஷயமாக அம்மா கோபமாக இருக்கிறாள் என்றான். பிரௌனிக்காகவா? அலெக்சாண்டர்கூட இதைவிடப் பெரிய காரணம் வைத்துக்கொண்டுதான் படை எடுத்தான்.

நடந்தது என்ன? ஜூன் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை. நீ அட்டைப்பெட்டி வாங்கக் கீழே போனாய். நான் உன் சோபாவில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓவன் மணி அடித்தது. ஒரு வீட்டில் மணி அடித்தால் இருக்கிற பெரியவன் எழுந்து போய்ப் பார்ப்பது முறை. பார்த்தேன். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நடு மத்தியில் குத்தினேன். முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இட்லி என் இலாகா என்பது மாட்டுங்கா முழுவதும் அறிந்தது. வெந்த பண்டம் கத்தியில் ஒட்டாது, ஒட்டினால் வேகவில்லை. உன் பிரௌனியோ, சேற்றில் இறங்கிய யானை காலை இழுப்பதுபோல் கத்தியைப் பிடித்து இழுத்தது. ஒரு பெரிய அவமானத்திலிருந்து உன்னைக் காப்பாற்ற வேண்டி, இன்னும் முப்பது நிமிஷம் முடுக்கிவிட்டேன்.

நீ வந்ததும் இதைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். குறுக்கெழுத்தில் ஏழாம் எண் படுத்திய பாட்டில் மறந்துவிட்டது. இவ்வளவுதான் சங்கதி. போனை எடு.

பத்ரிநாராயணன்

*

செம்பூர்,
15 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று முடித்திருப்பாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுத்திலேயே இருக்கட்டும்.

பிரௌனி இட்லி இல்லை. மேலே காகிதம்போல் ஒரு பொருக்கு, உள்ளே பிசுபிசுப்பு. அதற்காகத்தான் வாங்குகிறார்கள். பல்குச்சியால் குத்தினால் ஈரத்துகள் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். ஒன்றும் ஒட்டாமல் வந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். என் ஓவனில் அது இருபத்து நாலு நிமிஷம். மூன்று வருஷம், எத்தனையோ டிரே வீணடித்துக் கண்டுபிடித்த இருபத்து நாலு. அதற்கு நீ முப்பது சேர்த்தாய்.

அந்த டிரே காலித்துக்கு. மெயின் ரோட்டில் புதுக் காபிக்கடை திறந்திருக்கும் பையன். வாரம் இரண்டு நாள் என்னிடமே எடுப்பதாக இருந்தான். அது மாதிரிக்குக் கேட்ட டிரே; வேறு போட நேரமில்லாமல் அதையே கொண்டுபோனேன். முட்கரண்டியால் அழுத்தினான், முட்கரண்டியின் பல் உடைந்தது. "ஆன்ட்டி, இஸ்கோ சாய் மே டுபானா படேகா" என்றான். டீயில் முக்கித்தான் தின்ன வேண்டும் என்று அவன் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னான். மறுநாள் காட்கோபரில் வேறு ஒருத்தியிடம் ஆர்டர் கொடுத்துவிட்டான்.

இருபது வருஷம் பாங்க்கில் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் நானாக ஆரம்பித்தது இது. கடைக்குப் போகும் முதல் டிரே அது.

கெட்டதுகூடப் போகட்டும். நீ சொல்லவில்லை. பெட்டி வாங்கிவர நேரமாகிவிட்டதால் என் தப்பு என்று நினைத்தேன். பிறகு ஓவன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். காலித்திடமும் அப்படியே சொன்னேன். ரிப்பேர்க்காரன் இரண்டு தடவை வந்து ஒன்றும் இல்லை என்று போனான். நாலாம் நாள் ஷ்ரவண் வந்து, "மாமா போன்ல சொன்னார், உன் கேக்கை அவர்தான் வேக வச்சாராம்" என்றான். நீ அவனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்.

காலித்திடம் நேரில் போய், அதைச் செய்தது நீ என்று சொல். அதுவரை போன் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் இல்லை.

ஷ்யாமளா

*

மாட்டுங்கா,
21 ஜூன் 2024

தங்கை என்ற பெயரில் எனக்கு வாய்த்த ஹைகோர்ட்டுக்கு,

கட்டளையைத் தலைமேல் ஏற்றுப் புதன்கிழமை புறப்பட்டேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கையில் குடை. உன் மன்னி வாசல்வரை வந்து, போருக்கு அனுப்புவதுபோல் அல்ல, குப்பை வண்டிக்கு அனுப்புவதுபோல் என்னைப் பார்த்தாள்.

கிங்ஸ் சர்க்கிளில் டிராம்பே பஸ் பிடித்தேன். உள்ளே ஒரு சிறு தேசத்துக்குப் போதுமான ஜனத்தொகை. ஆனாலும் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அதுதான் பிசகாகப் போயிற்று. ஜன்னலோரம் கிடைக்காமல் இருந்திருந்தால் கடையை முன்கூட்டிப் பார்த்திருக்க மாட்டேன்.

காபிக்கடை என்றாயே, நான் நாலு பெஞ்சும் ஒரு பாய்லரும் என்று எண்ணியிருந்தேன். அது கண்ணாடி மாளிகை. ரயில் எஞ்சின் அளவுக்கு ஒரு காபி மெஷின். உள்ளே எல்லோருக்கும் இருபத்தைந்து வயது, எல்லோர் முன்னாலும் லேப்டாப், ஒருவரும் பேசவில்லை. தாடிக்காரன் ஒருவன் மேஜை துடைத்துக்கொண்டிருந்தான். முதலாளியே துடைக்கிறான் என்பது துடைத்த விதத்தில் தெரிந்தது. அவன்தான் காலித்.

இறங்க எழுந்தேன். அதாவது மனசு எழுந்தது. கால் எழவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

டிராம்பே வந்ததும் கண்டக்டர், "அங்கிள், லாஸ்ட் ஸ்டாப்" என்றார். அதே பஸ்ஸில் திரும்பினேன். திரும்பும்போது கடை எதிர்ப்பக்கம் போய்விட்டபடியால் சரியாகக் கண்ணில் படவில்லை.

நீ இதைக் கோழைத்தனம் என்பாய். நான் முப்பத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து சூப்பரின்டெண்டாக ரிடையரானவன். எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் நின்று, "தப்பு நடந்துபோச்சு சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. வாயில் வைத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை.

ஆகவே எழுத்து மூலம் தீர்த்துவிட்டேன். இன்று காலை காலித்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போயிருக்கிறது. இரண்டு பக்கம், ஐந்து பத்தி, ஒரு பின்னிணைப்பு. படித்தால் கல்லும் கரையும். ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

பத்ரிநாராயணன்

*

செம்பூர்,
29 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

வராதே.

காலித் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். வக்கீல் நோட்டீஸ் என்று பயந்து இரண்டு நாள் தூங்கவில்லையாம். "ஆன்ட்டி, நான் உங்களை ஒன்றுமே சொல்லலியே, எதுக்குக் கேஸ்?" என்று கேட்டான். அவனை உட்காரவைத்து, இது வக்கீல் இல்லை, என் அண்ணன் என்று புரியவைக்க அரை மணி ஆயிற்று.

நானும் படித்தேன். பருவமழை ஈரப்பதம் பற்றி ஒரு பத்தி. ஓவன்களின் வெப்ப நிலை பற்றி ஒரு பத்தி. "சம்பவ இடத்தில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் நல்லெண்ணத் தலையீடு" என்று ஒரு வரி. இரண்டு பக்கத்தில் "நான்" என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. பின்னிணைப்பில் இட்லியின் படம் இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஆர்டர் பிரௌனியில் முட்டை உண்டு. உனக்கும் மன்னிக்கும் ஆகாது. அதனால் மூன்று வருஷமாக நீ வரும் நாளில் எல்லாம் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி டின் வைத்து, தயிரும் கண்டென்ஸ்டு மில்க்கும் போட்டு உனக்கென்று ஒன்று பண்ணி ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் வைக்கிறேன். நீல மூடி போட்ட டின். அன்றைக்கும் வைத்திருந்தேன். நான் கீழே போவதற்கு முன்னால் நாலு துண்டு தின்றாய். பல்லில் ஒட்டியதை நாக்கால் துழாவிக்கொண்டே, "அமிர்தம்டி" என்றாய்.

கால் மணி கழித்துக் கத்தியோடு ஓவனுக்குப் போயிருக்கிறாய்.

பல்லில் ஒட்டினால் அமிர்தம், கத்தியில் ஒட்டினால் வேகாதது. இது எந்த இலாகாவின் சட்டம்? எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் போக வேண்டிய இடத்துக்குப் போ.

ஷ்யாமளா

*

மாட்டுங்கா,
9 ஜூலை 2024

ஷ்யாமளாவுக்கு,

இன்றைக்குப் பட்டங்கள் ஸ்டாக் இல்லை.

உன் கேள்விக்குப் பதில் உண்டு. சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. உனக்கு வேகவைக்கத் தெரியாது என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். பாவம், பாங்க்கில் இருந்தவள், அடுப்பு சூட்சுமம் தெரியவில்லை, நாம் எதற்கு அவள் மனசைப் புண்படுத்துவது என்று வாயை மூடிக்கொண்டு தின்றேன். பிரமாதமாக இருந்தது என்பது தனி விஷயம். வேகாத பண்டத்தை இவ்வளவு ருசியாகச் செய்கிறவள் ஆசியாக் கண்டத்திலேயே என் தங்கை ஒருத்திதான் என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் நாலு பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

நான் தின்பது வேறு. அன்றைக்கு அது வெளியாள் கடைக்குப் போக இருந்தது. வெட்டிப் பார்த்தால் அவன் சிரிப்பானே என்று நினைத்தேன். அந்த முப்பது நிமிஷம் அதனால் சேர்ந்தது.

ஏழாம் எண் குறுக்கெழுத்து என்று எழுதியிருந்தேனே, அது பொய். அதை நான் எப்போதோ போட்டு முடித்துவிட்டேன். நீ வந்தாய், டிரேயை எடுத்தாய், விரலால் தட்டினாய். சத்தம் சோபாவரை கேட்டது. பிறகு ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓவனோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாய். அப்போது சொல்லியிருக்கலாம். பத்தாம் பக்கத்திலும் சொல்லியிருக்கலாம். நீ பின் அட்டைவரை படித்தாய்.

உன் கடிதம் வந்ததும் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஓவனை இரவல் வாங்கினேன். முட்டை கூடாது என்று உன் மன்னி வாசற்படியில் காவல் இருந்தாள். உன் நீல மூடிப் பக்குவத்தை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்; நீ அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய். முதல் டிரே களி. இரண்டாவது டிரேயை வைத்துத் தாராவியில் ஒரு மாடி கட்டலாம். மூன்றாவதில் மணி அடித்தது, குத்தினேன், ஒட்டியது. வெளியே எடுக்க வேண்டும். கை, நேரம் கூட்டும் திருகியை நோக்கித் தானாகப் போகிறது, ஷ்யாமளா. முப்பத்தெட்டு வருஷத்துக் கை. உன் மன்னி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எடுத்துவிட்டேன்.

முட்டைப் பிரௌனியில் குத்திய கத்தியை நக்கிப் பார்த்தீர்களா என்று அவள் நடுவில் ஒரு கேள்வி கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க இந்தக் கோர்ட் அனுமதிக்க வேண்டும்.

நேற்றுக் காலை இரண்டு டப்பாவோடு காலித் கடை வாசலில் இறங்கினேன். ஒன்றில் மூன்றாவது டிரே, இன்னொன்றில் மாடி கட்டுகிற டிரே. ஷ்யாமளா ஆன்ட்டியின் அண்ணன் என்றேன். அவன் கையில் இருந்த கப்பைக் கீழே வைத்தான்.

"அங்கிள், ஆப் வோ வக்கீல்?"

"வக்கீல் நஹி," என்றேன். "முஜ்ரிம்."

குற்றவாளி என்று என் வாயால் என்னையே சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொன்னேன். அவன் உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. ஆன்ட்டி இருபத்து நாலு நிமிஷம் வைத்ததையும், நான் முப்பது சேர்த்ததையும், ஓவனுக்கு ஒரு கேடும் இல்லை என்பதையும், நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். லேப்டாப்புகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன.

அவன் இரண்டு டப்பாவிலிருந்தும் ஒவ்வொரு துண்டு தின்றான். நல்லதைத் தின்றுவிட்டு, இனிப்பு அதிகம் என்றான். கல்லைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தான். உனக்கு மறுபடி கொடுப்பானா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றான். அதற்குமேல் நான் பேசவில்லை. நம்ப மாட்டாய், பேசவில்லை.

மொத்தம் ஒன்பது நிமிஷம். டிராம்பேவரை போய்வந்த அன்றைக்கு இரண்டேகால் மணி.

பத்ரி

*

செம்பூர்,
13 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

காலித் போன் பண்ணினான். இருபதாம் தேதி சனிக்கிழமை பன்னிரண்டு துண்டு கேட்கிறான். இன்னொரு தடவை கேட்பான் என்று தோன்றவில்லை.

அன்றைக்குக் காலையில் வா. குறுக்கெழுத்துக் கொண்டுவரலாம். கத்தி வேண்டாம்.

ஷ்யாமளா

*

மாட்டுங்கா,
17 ஜூலை 2024

ஷ்யாமளாவுக்கு,

வருகிறேன்.

பத்ரி

*

செம்பூர்,
22 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் நடுவில் பேசுவாய்.

சனிக்கிழமை டிரேயை உள்ளே வைத்துவிட்டு, பெட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன் இல்லையா? பெட்டி வெள்ளிக்கிழமையே வாங்கியாயிற்று. கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஓவனைப் பற்றி உன்னிடம் வேண்டுமென்றேதான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு இரண்டாம் மாடிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். இருபத்து நாலாம் நிமிஷம் மணி அடித்தது, படிவரை கேட்டது. சோபா கிரீச்சென்றது. ஓவன் கதவு திறந்தது. அதற்குப் பிறகு, திருகியை முடுக்கினால் டிக்டிக்கென்று ஒரு சத்தம் வருமே, அது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேல் வீட்டு சொர்ணம்மாள் இறங்கி வந்து, "என்ன மாமி, மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காலித்தின் பன்னிரண்டு துண்டை வைத்து இப்படி ஒரு காரியம் செய்திருக்கக் கூடாதுதான். செய்தேன்.

டிக்டிக் வரவில்லை.

ஆறு நிமிஷம் கழித்து ஏறி வந்தேன். டிரே வெளியே மேடைமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் ஒரு பல்குச்சி, அதில் ஈரத்துகள். நீ சோபாவில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். குறுக்கெழுத்தில் ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. "ஒட்டித்து" என்றாய். அன்றைக்கு நீ பேசியது அவ்வளவுதான்.

காலித் நேற்றுச் சொன்னான். செவ்வாயும் வெள்ளியும், தடவைக்குப் பதினெட்டு. காட்கோபர்க்காரிக்கு மற்ற நாள். உன் டிரேயில் இனிப்பு அதிகம் என்று மறுபடியும் சொல்லச் சொன்னான்.

இதற்குப் பதில் எழுதாதே, நீளும். ஞாயிற்றுக்கிழமை மன்னியையும் கூட்டிக்கொண்டு வா. நீல மூடி டின் மேல் தட்டில் இருக்கும்.

ஷ்யாமளா